கறண்ட் லொறி ஆற்றில் இறங்கியது பற்றிய விளக்கம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. விளக்கக் கடிதமாகத் தொடங்கியது. எங்கள் பிரதேச சபையின் புது மின்சார லொறி ஒன்று ஆற்றுக்குள் இறங்கி அப்படியே நின்றுபோனது. ஓட்டியவர் தங்கராசா. ‘ஏன் இறக்கினீர், ஏழு நாளைக்குள் எழுத்தில் விளக்கம் தருக’ என்று செயலாளர் கடிதம் கொடுத்தார். பதில் எழுதித் தரச்சொல்லி தங்கராசா என்னிடம் வந்தார். எழுதினேன். மூன்று தரம் எழுதினேன். கடிதத்தில் ‘மேற்படி விடயம் தொடர்பாக’ என்று போட்டவுடன் ஆட்களெல்லாம் ஓடிப்போய்விடுகிறார்கள், விடயம் மட்டும் தனியே நிற்கிறது. ஓடிப்போனவர்களைப் பிடித்துக் கூட்டிவரத்தான் இதை எழுதுகிறேன்.

சபையின் பெயரைச் சொல்லமாட்டேன். மட்டக்களப்பு வாவியோரத்தில் நீங்கள் எந்தச் சபையை நினைத்தாலும் அது பிழையாகத்தான் இருக்கும். பாதியை நானே கற்பனையில் கட்டியிருக்கிறேன்.

(வாவி என்று கடிதத்தில் எழுதினேன். நாங்கள் வாயால் சொல்வது ஆறு. இனி ஆறு என்றே வரும்.)

2

தொடக்கம் ஒன்று:

‘காலைச் சூரியன் ஆற்றின் மேல் பொன்னை அள்ளி இறைத்துக்கொண்டிருந்த அந்த

விட்டுவிட்டேன். நடந்தது பகல் ஒன்றரை மணிக்கு. சூரியன் பொன் இறைக்கவில்லை, மண்டையைப் பிளந்தது.

தொடக்கம் இரண்டு:

‘டீசல் வாகனங்களை மின்சார வாகனங்களாக மாற்றும் உன்னத வேலைத்திட்டத்தின் கீழ், கௌரவ தவிசாளர் அவர்களின்

இது நான் எழுதியதில்லை. கந்தோர் (சபை அலுவலகம்) சுவரில் பதித்த கல்லில் இருப்பது. கைபோன போக்கில் வந்துவிட்டது.

தொடக்கம் மூன்று, இதையே வைத்துக்கொள்கிறேன்:

டீசல் இல்லாத அந்த வருசம் சபையின் குப்பை மெசின் (டிராக்டரை நாங்கள் அப்படித்தான் சொல்வது) பெட்டியோடு பதினெட்டு நாள் கியூவில் நின்றது. சந்தைக்குப் பின்னால் குப்பை ஆள் உயரத்துக்கு ஏறியது. நாய்களுக்குக் கொண்டாட்டம். அதற்குப் பிறகுதான் சபைக்கு யோசனை வந்தது. கந்தோர்க் கூரையில் சூரியத் தகடுகள் ஏறின. மூன்று மின்சார லொறிகள் வந்து இறங்கின. சின்னது, வெள்ளை, பின்னால் இரும்புப் பெட்டி. இந்த மூன்றும் ஒரு வருசம் ஒழுங்காக ஓடினால் இன்னும் நாலு தருவதாக, பணம் கொடுத்து உதவி செய்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஊரில் அதற்குப் பெயர் கறண்ட் லொறி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய டீசல் மெசினை நினைத்து உருகி ஒருவர் கதை எழுதினால், அவர் அதன் பெட்டியில் நின்று வேலை செய்யாதவர். நான் நின்றவன். கறண்ட் லொறி வந்த கிழமையே இருமல் பாதி விட்டது. இடுப்பு எனக்குச் சொந்தமாகத் திரும்பி வந்தது. ஆகவே இது மெசின் நல்லது, லொறி கூடாது என்ற கதை இல்லை. லொறி நல்ல சாமான். அதை நாங்கள்தான் குளிக்கவார்த்துக் கொன்றோம்.

3

லொறியில் மூன்று பேர். ஓட்டுவது தங்கராசா. பின்னால் குப்பை ஏற்றுவது புஸ்பமும் இன்னொரு தொழிலாளியும். அந்த இன்னொருவனுக்கு இப்போதைக்குப் பெயர் தேவையில்லை.

தங்கராசாவுக்கு ஐம்பத்துமூன்று வயது. பதினேழு வருசமாக அமயச் சாரதி. அதாவது வேலை ஒவ்வொரு நாளும் இருக்கும், நாளைக்கும் இருக்கும் என்று ஒருவரும் எழுதித் தரமாட்டார்கள். இந்த வருசம் ஏழு பேரை நிரந்தரமாக்கப் பட்டியல் போட்டார்கள். மூன்றாவது பெயர் அவருடையது. இந்த முறை தப்பினால் அடுத்த பட்டியல் வரும்போது வயது போய்விடும். பட்டியலில் இருக்கும் ஆளின் பேரில் ஒரு குற்றம் எழுதப்பட்டால் பெயர் வெட்டப்படும். நியாயம் என்றுதான் அவரும் சொன்னார், தன் பெயருக்கு மேல் பேனை வரும்வரைக்கும்.

கறண்ட் லொறி அவருக்கு நல்லாகப் பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு சங்கடம், அதில் கிளச் இல்லை. சந்திக்குச் சந்தி அவருடைய இடது கால் வெறும் தகரத்தை மிதித்துக்கொண்டிருந்தது.

“வலது காலுக்கு மட்டும்தான் இனி வேலை. இடதுக்கு வேலை போயிட்டு,” என்றார் தங்கராசா.

“அதையும் பட்டியல்ல போடச் சொல்லுங்க அண்ணன்,” என்றாள் புஸ்பம் பின்னாலிருந்து. “பதினேழு வருசம் மிதிச்சிருக்குத்தானே.”

அடுத்த வசனத்தை மூன்று தரம் வெட்டி மூன்று தரம் எழுதியிருக்கிறேன். தங்கராசாவுக்கு வாசிக்கத் தெரியாது.

கந்தோருக்கு இது தெரியாது. மெசின் ஓட்டும் லைசன் அந்தக் காலத்தில் வாயால் கேள்வி கேட்டுக் கொடுத்தது. கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் தவிசாளருடையதைவிட அழகாக, கடைசியில் ஒரு சுழியோடு. எழுத்துத் தெரியாத ஆளை நான் கதைக்காகச் செய்து கொண்டுவந்தேன் என்று சிலர் நினைக்கலாம். நானும் சந்தேகப்பட்டேன். பதினேழு வருசம் ஒரு கந்தோரில் இப்படி மறைக்கமுடியுமா? முடியும். குப்பை லொறிச் சாரதியிடம் ஒருவரும் எதையும் வாசிக்கக் கொடுப்பதில்லை.

கறண்ட் லொறி வந்த பிறகு கொடுத்தார்கள். கொழும்பிலிருந்து கொம்பனி ஆள் வந்து அரை நாள் சிங்களத்தில் பழக்கினார். மேற்பார்வையாளர் சுதாகரன் அதில் பாதியைத் தமிழில் சொன்னார். மிச்சத்துக்கு லொறிக் கதவின் உட்பக்கம் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள், மூன்று மொழியிலும். சாரதிமார் அதை வாசிக்கவேண்டும். திரையில் வரும் எச்சரிக்கைகளையும் வாசிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

“எல்லாருக்கும் வாசிக்கத் தெரியும்தானே?” என்று சுதாகரன் கேட்டார்.

தங்கராசா தலையாட்டினார். ‘அறிவித்தலை வாசித்து விளங்கிக்கொண்டேன்’ என்ற கடதாசியில் கையெழுத்தும் வைத்தார். சுழியோடு.

4

இனி ஆறு.

குப்பை கொட்டி முடிந்ததும் மெசினை நேரே பழைய துறைக்குக் கொண்டுபோவதுதான் எங்கள் வழக்கம். தோணி ஏற்றி இறக்கக் கட்டிய சீமெந்துச் சரிவு அது. மெசினைப் பின்பக்கமாக விட்டுப் பெட்டி பாதி தாழும்வரை இறக்கி, பின்கதவைத் திறந்துவிட்டால் ஆறே உள்ளே வந்து கழுவும். இரண்டு பேர் தும்புத்தடியால் தேய்த்தால் கால் மணித்தியாலத்தில் சரி. இது களவான வேலை இல்லை. கழுவாத பெட்டியைச் சுதாகரன் கந்தோர் வளவுக்குள் எடுக்கவே விடமாட்டார். வாசலில் நின்று பெட்டிக்குள் மூக்கை வைத்துப் பார்ப்பார். அவர் மூக்கு ஓம் என்றால்தான் நாங்கள் வீட்டுக்குப் போகலாம். எங்கே கழுவினீர்கள் என்று அந்த மூக்கு ஒரு நாளும் கேட்டதில்லை.

கறண்ட் லொறி ஓடிய முதல் நாலு நாளும் கட்டிய பைகள்தான் ஏற்றினோம். துடைத்தது போதுமாக இருந்தது. ஐந்தாம் நாள் மீன் சந்தைக் கழிவு. தண்ணீர் வடிந்து பெட்டியின் அடியில் தேங்கி, கிட்டே நிற்க ஏலாது.

தங்கராசா லொறியைத் துறைக்குத் திருப்பினார். யோசித்துத் திருப்பவில்லை. அந்த நேரத்தில் அந்தச் சந்தியில் கை தானாகத் திரும்பும். மழை இல்லாத மாதம். கடல் உள்ளே ஏறி, ஆற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. சரிவில் பின்பக்கமாக விட்டார். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. எவ்வளவு நல்ல சாமான் என்று அவருக்கு அப்போதும் பெருமையாக இருந்தது.

“காணுமா புஸ்பம்?”

“இன்னும் ஒரு முழம் விடுங்க அண்ணன். நாத்தமெல்லாம் அடியிலதான் கிடக்கு.”

இன்னும் ஒரு முழம் விட்டார். அப்போது திரையில் சிவப்பாக ஏதோ எழுத்து வந்தது. மறைந்தது. மறுகா வந்தது. தங்கராசா அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பச்சை என்றால் ஓடலாம், மஞ்சள் என்றால் சார்ஜ் குறைவு, இவ்வளவும் அவர் நிறத்தால் பாடமாக்கியது. சிவப்பு வந்தது அதற்கு முன் ஒரே ஒரு தரம், பெல்ட் போடாமல் ஓடிய அன்று.

பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

(இந்த வசனத்தைக் கடிதத்தில் எழுதவில்லை. எழுதினால் கந்தோர் சிரிக்கும். நீங்களும் சிரித்திருப்பீர்கள், பரவாயில்லை. நானும் முதலில் சிரித்தவன்தான்.)

சிவப்பு அணைந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தார். டீசல் மெசின் என்றால் சாகும்போது இருமி, உதறி, ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் சாகும். இது செத்ததே எங்களுக்குத் தெரியாது. கால் மணித்தியாலம், பாட்டும் பகிடியுமாக, செத்த லொறியைத் தேய்த்துக் கழுவினோம்.

கழுவி முடிந்து தங்கராசா மிதித்தார். லொறி அசையவில்லை.

“என்ன அண்ணன், பெல்ட்டும் போட்டு நித்திரையோ?” என்றாள் புஸ்பம்.

அவர் திரும்பத் திரும்ப மிதித்தார். வலது காலால் மிதித்துப் பார்த்து, இடது காலாலும் மிதித்தார்.

ஏலத்துக்கு நின்ற பழைய மெசினைக் கொண்டுவந்து, சங்கிலி போட்டு இழுத்து எடுத்தோம். சுதாகரன் ஓடிவந்தார். வந்த வேகத்தில் பழக்கதோசத்தில் பெட்டிக்குள் மூக்கை வைத்துப் பார்த்தார். பெட்டி நல்ல துப்புரவு.

5

முதலாவது கடிதம் சந்தைத் தேத்தண்ணிக்கடையில் எழுதியது. ‘மேற்படி சரிவில் வாகனத்தின் பிறேக் இயங்காமையினால்’ என்று தொடங்கியது. தங்கராசா சொன்னபடி எழுதினேன், பொய் என்று தெரிந்துகொண்டுதான்.

வாசித்துக் காட்டினேன். புஸ்பம் ரொட்டியை மென்றுகொண்டு கேட்டாள்.

“கொம்பனிக்காரன் வந்து பாக்கமாட்டானா? பிறேக் நல்லாக் கிடக்கு எண்டா மறுகா என்ன சொல்லுவீங்க? ஆறு ஏறி வந்து லொறியக் கடிச்சது எண்டா?”

“நீதானே இன்னும் ஒரு முழம் எண்ட நீ,” என்றார் தங்கராசா.

“ஓம், எண்டன். என்ட பேரையும் எழுதுங்க. நான் சொன்னா ஆத்துக்குள்ள விடுறவர், குடும்பத்தில நல்ல பேர் எடுத்திருப்பார் எண்டும் எழுதுங்க.”

தங்கராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கடிதத்தைக் கிழித்தோம்.

இரண்டாவது கடிதம் ஆறு வரி. அறிவித்தலை வாசித்தேன், தெரிந்திருந்தும் கவனக்குறைவாக இறக்கினேன், மன்னிக்கவும். இதைக் கொடுத்தால் குற்றம் அவர் பேரில் விழும், பட்டியலில் பெயர் போகும். ஆனால் அமயச் சாரதியாகவே, வாசிக்கத் தெரிந்த ஒருவராக, லொறியில் இருப்பார்.

மூன்றாவது கடிதம் உண்மை. இவருக்கு வாசிக்கத் தெரியாது, அறிவித்தலை இன்னொருவர் வாசித்துக் காட்டினார், தண்ணீரைப் பற்றிய வரி அதில் வரவில்லை. இதைக் கொடுத்தால் குற்றம் அவர் பேரில் விழாமல் போகலாம். ஆனால் எழுத்துத் தெரியாதவருக்குத் திரை வைத்த லொறியை யார் கொடுப்பார்கள்? வாசித்தேன் என்று வைத்த கையெழுத்தும் பொய்யாகிவிடும்.

எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் ஒரு கதவு சாத்திக்கொள்கிறது. பட்டியலா, சாரதி இருக்கையா? கதை இதுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று கடிதம் தேவைப்பட்டது.

6

இன்னொரு தொழிலாளி என்று ஒருவனைப் பெயரில்லாமல் விட்டு வைத்தேன். மேலே ‘கழுவினோம்’ என்று எழுதியபோதே பிடித்திருப்பீர்கள். அவன் நான். சாலிஹ்.

நாற்பத்தொரு வயதில் எழுத்துப் படித்தவன். அதனால் எங்கள் லொறிக்கு நான்தான் வாசிப்புக்காரன். மருந்துத் துண்டு, வங்கிக் கடிதம், கலியாணக் காட், எல்லாம் என்னிடம்தான் வரும். எனக்கும் அது பெருமைதான், அதை மறைத்து என்ன? கதவில் ஒட்டிய அறிவித்தலை எங்கள் மூன்று பேருக்கும் நான் வாசித்தேன். தங்கராசா பக்கத்தில் நின்று, தானும் கண்ணால் வாசிப்பதுபோலத் தலையை மேலிருந்து கீழே கொண்டுவந்தார். பதினொரு வரி. ஆறு வரி நல்லாக ஓடியது. ஏழாவது இது:

‘பின்தட்டின் அடிப்பாகத்தை நீரில், விசேடமாக உவர்நீரில், அமிழ்த்துதல் முற்றாகத் தவிர்க்கப்படல் வேண்டும்.’

இப்போது பார்க்காமல் எழுதுவேன். அன்று ‘பின்தட்டின்’ தாண்டும்போதே நாக்குச் சிக்கியது. சுதாகரன் மணிக்கூட்டைப் பார்த்தார். புஸ்பம், “இன்னும் எவ்வளவு கிடக்கு காக்கா?” என்றாள். (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்பார்கள்.) நான் சிக்கிக்கொண்டு நிற்பதை அவர்கள் பார்க்கக்கூடாது என்று எட்டாவதுக்குத் தாவினேன். எட்டாவது நல்ல சின்ன வரி. கணீரென்று வாசித்தேன்.

மூன்றாவது கடிதத்தை எழுதமுன் தங்கராசாவிடம் இதைச் சொன்னேன். துறையில்தான், பழைய சரிவுக்குப் பக்கத்தில். ஏசுவார், இரண்டு அடியாவது தருவார் என்று நினைத்தேன்.

“தெரியும்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“எழுத்துத்தான்டா எனக்குத் தெரியாது. எண்ணத் தெரியும். வரி பதினொண்டு. நீ வாசிச்சது பத்து.”

“அப்ப ஏன் அண்ணன் கேக்கல்ல?”

“எப்பிடிக் கேக்கிற? சுதாகரன் தம்பி நிக்கிறார். நான் வாசிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி நிக்கன். நீ விட்டத எனக்கு வாசிச்சுச் சொல்லு எண்டு உன்னட்ட கேட்டா, என்ட வாசிப்பு என்னத்துக்கு?”

 ஒருத்தன் வாசிக்கத் தெரிந்ததைக் காப்பாற்ற வரியை விட்டான். மற்றவர் வாசிக்கத் தெரியாததைக் காப்பாற்ற விட்ட வரியைக் கேட்கவில்லை. நடுவால் லொறி ஆற்றுக்குள் போனது.

“என்ட பேரைப் போட்டுத்தான் எழுதுவன்,” என்றேன். நான் நிரந்தரத் தொழிலாளி. எனக்கு வந்தால் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், அதையும் நானே வாசித்துக்கொள்வேன்.

“உன்ட பேரைப் போடு. அது உன்ட விருப்பம். என்ட பேருக்குப் பக்கத்தில ‘எழுதவாசிக்கத் தெரியாது’ எண்டு உன்ட கையால எழுதுவியா?”

எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டு நிற்க எழுதினேன். எந்த இடத்தில் அந்தச் சொல் இருக்கிறது என்று விரலால் காட்டச் சொன்னார். காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

“சின்னதாத்தான் கிடக்கு,” என்றார்.

7

முடிவுகள். மூன்றை எழுதிப் பார்த்தேன்.

(அ) புஸ்பத்தின் யோசனைப்படி லொறியை மூன்று நாள் வெயிலில் நெல்லுப்போலக் காயவைக்கிறோம். நாலாம் நாள் அது எழும்பி ஓடுகிறது. எல்லாருக்கும் சந்தோசம். கொம்பனி ஆள் வந்து பெட்டியைத் திறந்து பார்த்த பிறகு இந்த முடிவை என்னால் நம்ப ஏலாமல் போயிற்று. உள்ளே உப்புப் பூத்திருந்தது.

(ஆ) செயலாளர் தனுஷியா மிஸ் கடிதத்தை வாசித்து, கண் கலங்கி, எழும்பி, “தங்கராசா அண்ணன், பிழை உங்களுடையது அல்ல, எங்கள் அமைப்பினுடையது

மிஸ்ஸை எனக்குத் தெரியும். நல்ல மனுசி. கண்டிப்பான மனுசி. இப்படிக் கதைக்கமாட்டா.

(இ) தங்கராசா பின்னேர வகுப்புக்குப் போய் ஆறு மாதத்தில் எழுத்துப் படித்து, திரையில் வரும் சிவப்பு வரியை உரத்து வாசிக்கிறார். பேப்பரில் படம் வருகிறது. இது நல்லாக வந்தது. அழுதுகூடப் போனேன். பிறகுதான் விளங்கியது, இது என்னுடைய கதை. அவர் சட்டையை மாட்டி அனுப்பியிருக்கிறேன். வெட்டிவிட்டேன். படிக்கிறதும் விடுகிறதும் அவர் பாடு.

8

நடந்ததை நடந்தவரைக்கும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை பத்து மணி. தங்கராசா துவைத்த சேட்டுப் போட்டு வந்தார். இரண்டாவது கடிதமும் மூன்றாவது கடிதமும் சட்டைப் பையில். எது எது என்று மாறிப்போகாமல் இருக்க, உண்மையான கடிதத்தின் ஒரு மூலையை அவரே மடித்து வைத்திருந்தார். இரண்டிலும் கையெழுத்து இருந்தது.

“எதைக் குடுக்கப் போறீங்க அண்ணன்?” என்று புஸ்பம் கேட்டாள்.

“உள்ள போய் மிஸ்ஸின்ட முகத்தப் பாத்துட்டுச் சொல்லுறன்.”

“முகத்தையாவது சரியா வாசியுங்க.”

நான் அவளை முறைத்தேன். தங்கராசா சிரித்தார். மெய்யாகவே சிரித்தார். மற்ற இரண்டு கறண்ட் லொறியும் அப்போதுதான் சார்ஜ் ஏறி, சத்தமில்லாமல் வளவால் வெளியே போயின. அவர் அவற்றைச் சந்தி திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

எதைக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். பட்டியலில் என்ன நடந்தது என்றும் தெரியும். அது கந்தோர்ப் பலகையில் தொங்கியது, நானே வாசித்தேன், ஒரு வரி விடாமல். இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் முடிவைப் பார்த்துக் கடிதத்துக்குப் பரீட்சைத்தாள்போலப் புள்ளி போடுவீர்கள். பெயர் இருந்தால் உண்மை நல்லது என்பீர்கள், இல்லாவிட்டால் சாலிஹ் மடையன் என்பீர்கள். இரண்டுக்கும் நான் ஆள் இல்லை.

அதனால் மிஸ்ஸின் மேசைக்கு உங்களைக் கூட்டிவருகிறேன். ஏழு பேரின் பட்டியல் முன்னால் கிடக்கிறது, பக்கத்தில் பேனை. உதவி செய்தவர்களிடமிருந்து லொறிக்கு என்ன நடந்தது என்று கேட்டு ஒரு கடிதம். மிஸ்ஸுக்கு ஒரு கடிதம்தான் கிடைத்தது. உங்களுக்கு இரண்டும் கிடைத்திருக்கிறது. பெல்ட் போட்டதும் தெரியும், பத்து வரி எண்ணியதும் தெரியும். குற்றத்தை யாருடைய பேரில் எழுதப் போகிறீர்கள், என்ன எழுதப் போகிறீர்கள்? இந்தக் கதைக்கு அதுதான் முடிவு, நீங்கள் எழுதுவது.

எழுதமுதல் ஒன்று. அந்த மனிசன் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். பக்கத்தில் உட்காரக் கதிரை கிடக்கிறது.

அவரை இருக்கச் சொல்லுங்கள்.